சாகவிடாத ஒட்டுண்ணி

தைலேரியா, மாட்டின் வெள்ளை அணுவுக்குள் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. உள்ளே புகும் கிருமியை அழிப்பதற்காக உடல் வைத்திருக்கும் காவல் அணுவையே அது வீடாக்கிக்கொள்கிறது. குடியேறிய அணுவை அது கொல்வதில்லை, சாகவும் விடுவதில்லை. பிரிந்து பெருகு என்ற கட்டளையை அணுவுக்குள் ஓயாமல் ஒலிக்கவைக்கிறது. ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகும் அந்த அணுக்கள் நிணநீர் முடிச்சுகளை வீங்கவைத்து, நுரையீரலிலும் கல்லீரலிலும் குடலிலும் பரவி, சில வாரங்களில் மாட்டையே சாய்த்துவிடுகின்றன.

மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியமும், மாட்டுக்கு ரத்தச் சிறுநீர்க் காய்ச்சலைத் தரும் பபேசியாவும் தைலேரியாவின் நெருங்கிய உறவினர்கள். ஆனால் தைலேரியா செய்யும் காரியத்தை அந்த இரண்டும் செய்வதில்லை. ஒரு செல்லைப் புற்றுச்செல்லைப் போல உருமாற்றும் வைரஸ்கள் பல உண்டு. உட்கரு கொண்ட உயிரிகளில், இன்னோர் உயிரியின் செல்லை இப்படி உருமாற்றும் வல்லமை தைலேரியாவிடம் மட்டுமே உறுதியாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. அதற்காக அது தன் மரபணு எதையும் மாட்டின் டி.என்.ஏ.வுக்குள் செருகுவதில்லை. செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் சமிக்ஞைப் பாதைகளை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறது. ஒட்டுண்ணியை மருந்து கொடுத்துக் கொன்றால் செல்லின் பெருக்கமும் நின்றுவிடுகிறது. புற்றுநோய் ஆய்வாளர்களும் இந்த மாட்டு நோயின் பக்கம் திரும்பியது இதனால்தான்.

இரண்டு இனங்கள், இரண்டு உண்ணிகள்

மாட்டுச் செல்லை உருமாற்றும் இந்த வேலையில் தேர்ந்தவை இரண்டு இனங்கள். தைலேரியா பார்வா கிழக்கு, மத்திய, தெற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அது உண்டாக்கும் நோய்க்குக் கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் என்று பெயர். மாட்டின் காதில் கடிக்கும் பழுப்பு நிற உண்ணி அதைப் பரப்புகிறது. தைலேரியா அனுலாட்டா வட ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஐரோப்பாவிலும் தொடங்கி, மேற்கு ஆசியா, மத்திய ஆசியா வழியாக இந்தியாவையும் சீனாவையும் எட்டியிருக்கிறது. இதைப் பரப்புவது ஹயலோமா வகை உண்ணி. அந்த உண்ணி கொட்டகைச் சுவரின் வெடிப்புகளிலும் தரையின் இடுக்குகளிலும் ஒளிந்து வாழ்வதால், மேய்ச்சலுக்கே போகாமல் கட்டுத்தறியில் நிற்கும் கறவை மாட்டையும் நோய் தேடி வருகிறது.

ஆப்பிரிக்க இனத்தின் வரலாறு ஒரு தவறான கணிப்பில் தொடங்கியது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக், 1898ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவின் தார் எஸ் சலாமில் மாட்டு ரத்தத்தைப் பார்த்தபோது சிவப்பணுக்களுக்குள் மிகச் சிறிய உருவங்களைக் கண்டார். பபேசியாவின் இளம் நிலை என்று அவற்றை எடுத்துக்கொண்டார். அதையொட்டிய ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கப் பகுதியில் மாட்டுக் கொள்ளைநோயாலும் போயர் போராலும் மந்தைகள் அழிந்தன. அந்த இழப்பை ஈடுகட்டக் கிழக்குக் கடற்கரையிலிருந்து மாடுகளை இறக்குமதி செய்தார்கள். அவற்றோடு 1902வாக்கில் ரொடீஷியாவுக்குள் நுழைந்த புதிய காய்ச்சல் தெற்கு நோக்கி வேகமாகப் பரவியது. இது பபேசியா அல்ல, வேறொரு ஒட்டுண்ணி என்று 1904இல் பிரித்துக் காட்டியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் அர்னால்ட் தைலர். பரப்புவது உண்ணிதான் என்று நிறுவியவர் கேப் காலனியின் பூச்சியியலாளர் சார்லஸ் லவுன்ஸ்பரி. தைலரின் பெயரே ஒட்டுண்ணியின் பேரினப் பெயராக நிலைத்தது. நிணநீர் முடிச்சிலிருந்து எடுத்த மாதிரியை ஜீம்சா சாயமிட்டுப் பார்க்கும்போது வெள்ளை அணுக்களுக்குள் தெரியும் நீல உருண்டைகளை இன்றும் கால்நடை மருத்துவர்கள் கோக்கின் நீல உடல்கள் என்றே சொல்கிறார்கள்.

அணுவுக்குள் நுழைதல்

உண்ணி கடித்த நொடியில் நோய் தொற்றிவிடுவதில்லை. உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உறங்கிக் கிடக்கும் ஒட்டுண்ணி, உண்ணி ரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகே பெரும்பாலும் முதிர்கிறது. அதற்குச் சில நாள் ஆகும். உண்ணியை உடனுக்குடன் பிடுங்கி எடுக்கும் பழைய வழக்கத்துக்கு இந்த வகையில் உண்மையான பயன் உண்டு.

முதிர்ந்த ஒட்டுண்ணி உமிழ்நீரோடு தோலுக்குள் இறங்கி, அருகிலுள்ள வெள்ளை அணுவோடு ஒட்டிக்கொள்கிறது. பார்வா இனம் டி செல், பி செல் ஆகிய நிணநீர் செல்களைத் தேடும். அனுலாட்டா இனம் கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் வகைச் செல்களையும் பி செல்களையும் நாடும். மலேரியா ஒட்டுண்ணி ஒரு முனையால் முட்டித் துளைத்து நுழையும். தைலேரியா எந்தப் பக்கமாகவும் ஒட்டிக்கொண்டு, செல்லின் சவ்வு தன்னை முழுதாகச் சுற்றிக்கொள்ளும்படி செய்கிறது. நுழையும்போது சுற்றியிருந்த அந்தச் சவ்வை அடுத்த சில நிமிடங்களுக்குள் கரைத்தும் விடுகிறது.

நோயின் மீதிக் கதை முழுவதும் இந்த ஒரு செயலிலிருந்தே கிளைக்கிறது. மலேரியா ஒட்டுண்ணியும் டாக்சோபிளாஸ்மா என்ற இன்னோர் ஒட்டுண்ணியும் செல்லுக்குள் ஒரு சவ்வுப் பைக்குள் தங்கிவிடுகின்றன. செல்லின் புரதங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே அந்தப் பை தடுப்பாக நிற்கும். தைலேரியாவுக்கு அப்படியொரு தடுப்பு இல்லை. செல்லின் சைட்டோபிளாசத்தில் திறந்த மேனியாகக் கிடக்கிறது. செல் தனக்குள் வேண்டாத பொருளைச் செரிக்க வைத்திருக்கும் லைசோசோம் அதை நெருங்குவதற்குள், செல்லின் நுண்குழாய்களை இழுத்துத் தன்னைச் சுற்றி அடுக்கிக்கொள்கிறது. அதன் மேற்பரப்பு செல்லின் புரதங்களை நேரடியாகத் தொடுகிறது. சமிக்ஞைகளைக் கைப்பற்றும் வேலை அந்தப் பரப்பில்தான் நடக்கிறது.

அணையாத கட்டளை

வெள்ளை அணுவின் முக்கியமான சமிக்ஞைகளில் ஒன்று என்.எஃப்-கப்பா பி என்ற புரதத்தின் வழியாகப் போகிறது. அமைதியான காலத்தில் இந்தப் புரதம் சைட்டோபிளாசத்தில் ஒரு தடுப்புப் புரதத்தோடு பிணைந்து கிடக்கும். கிருமி வந்ததற்கான அறிகுறி செல்லின் வெளிப்புற ஏற்பியைத் தொட்டதும் செய்தி உள்ளே பாய்ந்து ஐ.கே.கே. என்ற நொதிக் கூட்டை எழுப்பும். அந்த நொதி தடுப்புப் புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றும். பாஸ்பேட் ஏறிய தடுப்புப் புரதத்தைச் செல் சிதைத்துவிடும். விடுபட்ட என்.எஃப்-கப்பா பி உட்கருவுக்குள் போய், அழற்சிக்கும் வளர்ச்சிக்கும் உயிர் காப்பதற்கும் வேண்டிய மரபணுக்களை இயக்கும். அப்படி அது இயக்கும் மரபணுக்களில் ஒன்று தடுப்புப் புரதத்துக்கே உரியது. புதிய தடுப்புப் புரதம் உருவாகி வந்து மறுபடியும் பிணைத்துக்கொள்ள, சில மணி நேரத்தில் கட்டளை தானாக அடங்கும். அது அடங்குவது உடலுக்கு மிக முக்கியம். அடங்காத அழற்சி உடலையே தின்றுவிடும்.

தைலேரியா புகுந்த செல்லில் இது அடங்குவதில்லை. காரணத்தை 2002இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வில் ஃபோல்கர் ஹாய்ஸ்லர், டிர்க் டோபெலாரே உள்ளிட்ட பெர்ன் பல்கலைக்கழகக் குழு காட்டியது. ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் ஐ.கே.கே. நொதிக் கூட்டுகள் திரள் திரளாகச் சேர்ந்திருந்தன. நெருக்கமாகக் கூடும்போது அவை ஒன்றையொன்று தூண்டிக்கொள்கின்றன. வெளியிலிருந்து எந்த அறிகுறியும் வர வேண்டியதில்லை. தடுப்புப் புரதம் உருவாக உருவாகச் சிதைகிறது. மடையை அடைக்க ஆள் வரும்போதெல்லாம் குறுக்கே நின்று, வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வது போன்ற வேலை இது. மருந்தால் ஒட்டுண்ணியை அழித்தபோது திரள்கள் மறைந்தன, என்.எஃப்-கப்பா பி அடங்கியது.

இந்தக் கட்டளை அணையாமல் இருப்பதால் ஒட்டுண்ணிக்குக் கிடைக்கும் முதல் பயன், செல் சாகாமல் இருப்பது. தொற்றுக்கு ஆளான செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது உடலின் பழைய பாதுகாப்பு முறை. என்.எஃப்-கப்பா பி இயக்கும் மரபணுக்களில் பல, தற்கொலைப் பாதையின் நொதிகளைக் கட்டிப்போடும் புரதங்களை உருவாக்குகின்றன. செல்லுக்குள் சேதம் கண்டால் அதைச் சாகச் சொல்லும் பி53 என்ற காவல் புரதத்தையும் ஒட்டுண்ணி உட்கருவுக்கு வெளியே நிறுத்திவைக்கிறது என்று அனுலாட்டா இனத்தில் கண்டிருக்கிறார்கள்.

சாகாத செல் பெருகவும் வேண்டும். அதற்குத் தைலேரியா வேறு சில பாதைகளையும் சேர்த்து இயக்குகிறது. அவற்றில் தெளிவாக விளங்கியிருப்பது சி-ஜுன் என்ற புரதத்தின் பாதை. வளர்ச்சி மரபணுக்களைத் தூண்டும் சி-ஜுன், சாதாரணச் செல்லில் நெடுநேரம் தங்காது, எஃப்.பி.டபிள்யூ.7 என்ற புரதம் அதற்கு அழிவு முத்திரை குத்தி அப்புறப்படுத்திவிடும். அனுலாட்டா ஒட்டுண்ணி பின்1 என்ற தன்னுடைய நொதியை மாட்டுச் செல்லுக்குள் சுரக்கிறது. அந்த நொதி எஃப்.பி.டபிள்யூ.7 புரதத்தோடு இணைந்து அதையே அழிய வைக்கிறது. முத்திரை குத்துபவர் இல்லாததால் சி-ஜுன் குவிகிறது. ஜொனாதன் வைட்ஸ்மனின் பாரிஸ் குழு 2015இல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டது. மனிதர்களின் பலவகைப் புற்றுநோய்களிலும் மனிதச் செல்லுக்கே சொந்தமான பின்1 நொதி அளவுக்கு மீறி இருக்கிறது. மாட்டு ஒட்டுண்ணி கண்டுபிடித்த அதே வழியில்தான் மனிதப் புற்றுச்செல்லும் நடக்கிறது என்பது மருத்துவ ஆய்வாளர்களுக்குப் பெரிய திறப்பாக அமைந்தது.

இவை தவிர, தொற்றிய செல்கள் வளர்ச்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்ற தூதுப் புரதங்களைத் தாமே சுரந்து, அவற்றைத் தாமே பெற்றுக்கொள்கின்றன. பார்வா புகுந்த டி செல்களில் இன்டர்லூகின்-2 இப்படிச் சுற்றி வருகிறது. ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் இந்தச் செல்களை, வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி எதுவும் தராமலேயே ஆண்டுக்கணக்கில் வளர்க்க முடிகிறது.

பிரிவினையில் பங்கு

செல் பிரியும்போது ஒட்டுண்ணி ஒரு மகள் செல்லில் மட்டும் சிக்கிக்கொண்டால் மற்றது தப்பிவிடும். தைலேரியா அதற்கும் இடம் கொடுப்பதில்லை. இந்த நிலையில் அது பல உட்கருக்கள் கொண்ட ஒரே உடலாக, சைசான்ட் என்ற வடிவில் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியத் தயாராகும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர்கோல் இழைகளை ஒட்டுண்ணியும் பற்றிக்கொள்கிறது. செல்லின் நடுவில் குறுக்காகக் கிடக்கிறது. செல் பிளக்கும்போது ஒட்டுண்ணியும் சேர்ந்து பிளந்து, இரண்டு மகள் செல்களுக்கும் பங்காகப் போய்ச் சேர்கிறது. செல்லின் பிரிவை நடத்தும் போலோ கைனேஸ் என்ற நொதியைத் தன் மேற்பரப்புக்கு இழுத்துவைத்தே இதைச் சாதிக்கிறது என்பது 2010இல் தெரியவந்தது. செல்லும் ஒட்டுண்ணியும் ஒரே தாளத்தில் பிரிகின்றன என்பதை ஹூலிகர் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியோரும் 1964இலேயே நுண்ணோக்கியில் கண்டு எழுதியிருந்தார்கள்.

இதனால் தைலேரியா ஒரு செல்லை விட்டு வெளியேறி இன்னொன்றைத் தொற்ற வேண்டிய தேவையே இந்தக் கட்டத்தில் இல்லை. வெளியே வராத கிருமியை ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் புரதங்களால் தொட முடியாது. பின்னொரு கட்டத்தில் சில சைசான்ட்கள் சிறு சிறு துகள்களாக உடைந்து செல்லைப் பிளந்து வெளிவந்து சிவப்பணுக்களுக்குள் புகும். கோக் கண்ட சிறிய உருவங்கள் அவைதான். அந்தச் சிவப்பணுக்களை உறிஞ்சும் இளம் உண்ணி, தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வளர்ந்த பின் வேறொரு மாட்டுக்கு நோயைக் கொண்டுபோகும்.

மாட்டின் உடலில்

பார்வா தொற்றிய மாட்டில் முதல் அறிகுறி காதுக்குக் கீழே நெறிகட்டுவது. உண்ணி காதில் கடிப்பதால் அந்தப் பகுதியின் நிணநீர் முடிச்சு முதலில் வீங்குகிறது. அடுத்துக் கடும் காய்ச்சல், தீனி மறுத்தல், உடல் முழுவதும் நெறிகட்டுதல். கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து, மூக்கில் நுரை தள்ள, மாடு மூச்சு முட்டிச் சாகிறது. தொற்றிலிருந்து சாவு வரை மூன்று நான்கு வாரங்களே. இந்தியாவில் காணும் அனுலாட்டா நோயில் இவற்றோடு ரத்தச்சோகையும் மஞ்சள் காமாலையும் சேர்கின்றன. சில மாடுகளுக்குக் கண் பிதுங்கிப் பூ விழுந்தது போல் வெளுக்கும். பால் ஒரே நாளில் சரிந்துவிடும். தப்பிப் பிழைத்த கறவை மாடும் பழைய அளவுக்குக் கறக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு மாட்டை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது மாதாந்தர வருமானம் அறுந்துபோவதற்குச் சமம்.

இந்தச் சேதத்தின் பெரும்பகுதி கைப்பற்றப்பட்ட சமிக்ஞைகளின் விளைவு. தொற்றிய மேக்ரோபேஜ்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிச் சைட்டோகைன்களைக் கொட்டுகின்றன; காய்ச்சலும் உடல் மெலிவும் அவற்றால் வருகின்றன. சி-ஜுன் இயக்கும் மரபணுக்களில் ஒன்று எம்.எம்.பி.9 என்ற நொதிக்கானது. திசுக்களின் இடைவெளியை நிரப்பியிருக்கும் புரத வலையை அந்த நொதி கரைப்பதால், தொற்றிய செல்கள் புற்றுச்செல் பரவுவது போல உறுப்புக்கு உறுப்பு தாவுகின்றன.

நோய் எதிர்ப்பு அமைப்பு சும்மா இருப்பதில்லை. ஆனால் அதன் வேகம் தவறான திசையில் போகிறது. அனுலாட்டா புகுந்த மேக்ரோபேஜ், அருகே வரும் டி செல்களை அவற்றின் இலக்கு எது என்று பாராமல் ஒட்டுமொத்தமாகத் தூண்டிவிடுகிறது. நிணநீர் முடிச்சு முழுவதும் டி செல்கள் கொதித்தெழுந்து இன்டர்ஃபெரான் காமாவைப் பொழிகின்றன. குறிவைத்துக் கொல்லும் படை உருவாக வேண்டிய இடத்தில் வெறும் கூச்சல் நிறைகிறது. சாதாரணமாகக் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் இன்டர்ஃபெரான் காமா, நன்றாக வேரூன்றிவிட்ட தைலேரியாவை ஒன்றும் செய்வதில்லை. தப்பிக்கும் மாடுகளில் நோயை அடக்குபவை, தொற்றிய செல்லை அடையாளம் கண்டு நேரடியாகக் கொல்லும் சிடி8 வகை டி செல்கள். அவை உரிய நேரத்தில் உருவானால் மாடு பிழைக்கும்.

நாட்டு மாடும் கலப்பின மாடும்

ஆப்பிரிக்க எருமை பார்வாவின் இயற்கையான இருப்பிடம். ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டே பெரும்பாலும் நலமாகத் திரிகிறது. அதுபோல, உண்ணியும் தைலேரியாவும் உள்ள மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த திமில் மாடுகள் அனுலாட்டாவைப் பெருமளவு தாங்கிக்கொள்கின்றன. எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவன ஆய்வாளர்கள் திமிலுள்ள சாஹிவால் இனக் கன்றுகளுக்கும் ஐரோப்பிய ஹோல்ஸ்டைன் இனக் கன்றுகளுக்கும் ஒரே அளவு ஒட்டுண்ணியைச் செலுத்திப் பார்த்த சோதனையின் முடிவு 2005இல் வெளியானது. ஹோல்ஸ்டைன் கன்றுகள் கடுமையாக நோயுற்றன. சாஹிவால் கன்றுகளுக்கும் தொற்று ஏற்பட்டது, ஆனால் காய்ச்சலும் அழற்சியும் குறைவாக இருந்து மீண்டன.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைத் தொற்றிய செல்களின் சமிக்ஞைகளில் தேடியபோது டி.ஜி.எஃப்-பீட்டா2 என்ற காரணி அகப்பட்டது. ஹோல்ஸ்டைன் மாட்டின் தொற்றிய மேக்ரோபேஜ்கள் அதை அதிகமாகச் சுரந்தன. சாஹிவால் செல்கள் குறைவாகச் சுரந்தன. அந்தக் காரணி கூடும்போது செல்கள் திசுக்களைத் துளைத்துப் பரவும் திறனும் கூடியது. ஒரே ஒட்டுண்ணி ஒரே விசையை அழுத்தினாலும், எந்த மாட்டின் செல் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

பால் உற்பத்தியைப் பெருக்க இந்தியா முழுவதும் ஜெர்சி, ஹோல்ஸ்டைன் காளைகளின் விந்தால் சினை ஊசி போட்டு உருவாக்கிய கலப்பினங்களுக்கு இந்த நோய் பெரிய அச்சுறுத்தலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டிலும் கலப்பினக் கறவை மாடுகளில் தைலேரியா கண்டறியப்படுகிறது. அதிகப் பால் தரும் மாட்டை உருவாக்கியபோது, அது வாழப்போகும் மண்ணின் உண்ணிகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

மருந்தும் தடுப்பூசியும்

தைலேரியாவுக்கு எதிரான முதன்மை மருந்து புபார்வகுவோன். 1980களில் புழக்கத்துக்கு வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்ற அளவில் தசையில் ஊசியாகப் போடுகிறார்கள். ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தியை அது முடக்குகிறது. பின்1 நொதியையும் அது தடுப்பதாகப் பாரிஸ் குழு காட்டியது. ஒட்டுண்ணி இறந்ததும் என்.எஃப்-கப்பா பி அடங்குகிறது, சி-ஜுன் குறைகிறது, நிறுத்திவைக்கப்பட்டிருந்த தற்கொலைப் பாதை திறக்கிறது. செல்கள் பெருக்கத்தை நிறுத்தி மடிகின்றன. நோயின் தொடக்கத்திலேயே போட்டால் பலன் உறுதி. நுரையீரலில் நீர் கோத்த பின், அல்லது ரத்தச்சோகை முற்றிய பின் போட்டால் ஒட்டுண்ணி செத்தாலும் மாடு தப்புவது கடினம். நெறிகட்டிக் காய்ச்சல் கண்ட மாட்டுக்கு நிணநீர் முடிச்சு மாதிரியையும் ரத்தத்தையும் உடனே நுண்ணோக்கியில் பார்ப்பது அதனால்தான் அவ்வளவு முக்கியம். வெறும் காய்ச்சல் ஊசியில் கழியும் ஒவ்வொரு நாளும் மாட்டின் ஆயுளில் கழிகிறது.

ஒரே மருந்தை நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு. துனிசியா, ஈரான், துருக்கி, சூடான் ஆகிய நாடுகளில் புபார்வகுவோனுக்கு அடங்காத அனுலாட்டா ஒட்டுண்ணிகள் தென்பட்டுள்ளன. அவற்றில் பல, மருந்து ஒட்ட வேண்டிய சைட்டோகுரோம் பி புரதத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றன. துனிசிய ஒட்டுண்ணி ஒன்றில் பின்1 நொதியே உருமாறியிருந்தது.

தடுப்பூசியில் இரண்டு இனங்களுக்கும் வழி வேறு. அனுலாட்டா தொற்றிய செல்களை ஆய்வகத்தில் மறுபடி மறுபடி வளர்த்துக்கொண்டே போனால் அவற்றின் கொடுமை குறைகிறது. எம்.எம்.பி.9, டி.ஜி.எஃப்-பீட்டா2 ஆகியவற்றின் சுரப்பு தணிந்து, செல்கள் பெருகும் குணத்தை வைத்துக்கொண்டு பரவும் குணத்தை இழக்கின்றன. அப்படி வலுவிழந்த உயிருள்ள செல்களையே தடுப்பூசியாகச் செலுத்துகிறார்கள். இந்தியாவில் தயாராகும் ரக்ஷாவாக்-டி இந்த வகை. திரவ நைட்ரஜனில் உறையவைத்தே கொண்டுபோக வேண்டும் என்பதால், சினை ஊசிக்கான நைட்ரஜன் குடுவை எட்டும் இடங்களில்தான் அதுவும் எட்டுகிறது.

பார்வாவுக்கு இந்த முறை அவ்வளவாகப் பலிக்கவில்லை. நைரோபிக்கு அருகிலுள்ள முகுகாவில் 1970களில் உருவான முறை வேறுவிதமானது. தொற்றிய உண்ணிகளை அரைத்து எடுத்த உயிருள்ள ஒட்டுண்ணிகளை மாட்டுக்குச் செலுத்தி, அதே வேளையில் நீண்டநேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசியையும் போடுகிறார்கள். மருந்து ஒட்டுண்ணியின் தொடக்க வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. அந்த அவகாசத்தில் சிடி8 செல்கள் உருவாகிவிடுகின்றன. ஒரு வகைப் பார்வாவுக்கு எதிராக உருவான டி செல்கள் இன்னொரு வகையை அடையாளம் காணாமல் விடுவதுண்டு. அதனால் மூன்று வகைகளைக் கலந்தார்கள். அதற்கு முகுகா கலவை என்றே பெயர். வடக்குத் தான்சானியாவின் மசாய் மேய்ப்பர்கள் தங்கள் கன்றுகளுக்கு அதைக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஒருமுறை போட்டால் பாதுகாப்பு நெடுங்காலம் நிற்கிறது. ஆனால் தடுப்பூசி பெற்ற மாடு ஒட்டுண்ணியைச் சிறிதளவு சுமந்துகொண்டே இருக்கும். அதைக் கடிக்கும் உண்ணி வழியாக மற்ற மாடுகளுக்கும் அது போகலாம் என்பதால், புதிய பகுதிகளில் இந்த முறையைத் தொடங்கும்முன் அங்கே ஏற்கெனவே உள்ள பார்வா வகைகளை ஆராய்ந்து பார்க்கிறார்கள்.

இரண்டு இனங்களின் முழு மரபணுத் தொகுப்பும் 2005இல் வெளியானது. ஒவ்வொன்றிலும் நான்கு குரோமோசோம்களில் ஏறத்தாழ 83 லட்சம் எழுத்துகள், 4,000 அளவில் மரபணுக்கள். மனித மரபணுக்களின் எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு. ஒட்டுண்ணி செல்லுக்குள் சுரக்கும் புரதங்களையும், சிடி8 செல்கள் அடையாளம் காணும் துண்டுகளையும் அந்தப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுத்துச் சோதித்துவருகிறார்கள். உயிருள்ள ஒட்டுண்ணியும் நைட்ரஜன் குடுவையும் தேவைப்படாத தடுப்பூசி ஒன்றை அந்தத் துண்டுகளைக் கொண்டு உருவாக்குவது இந்த ஆய்வுகளின் இலக்கு.